வாடை போன வீடு

பேத்தி முதன்முறையாக வீட்டுக்கு வருகிறாள் என்பதற்காகத்தான் டுவேன் ஜெலின்ஸ்கி எலி அறையைச் சீர்படுத்தினார். நடந்தது அத்தனையும் அங்கேயிருந்துதான் தொடங்கியது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. யாரும் குடித்துவிட்டு ஏடாகூடமாக எதுவும் செய்யவில்லை. அதனால்தானோ என்னவோ, இன்றுவரை அவரால் அதை நம்ப முடியவில்லை.

அவர் ஊரான ஸ்டீவன்ஸ் பாயிண்டில் காகித ஆலை மூடியபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. புது வேலை தேடுகிற வயதுமில்லை, வீட்டில் சும்மா உட்காருகிற வயதுமில்லை. அவரோடு மான் வேட்டைக்கு வரும் நண்பர் ஒருவர் மலைப்பாம்பு வளர்த்தார். அதற்கு எலி வாங்க கிரீன் பே வரைக்கும் அலைய வேண்டியிருக்கிறது என்று அவர் புலம்பியதைக் கேட்டு, நிலவறையில் சும்மா கிடந்த அறையில் சில எலிகளை வைத்து டுவேன் ஆரம்பித்தார். சில வருஷங்களில் சுவரோடு சுவராக அடுக்குகள் எழும்பிவிட்டன. இழுப்பறை மாதிரி உள்ளே தள்ளுகிற பிளாஸ்டிக் தொட்டிகள், ஒவ்வொன்றின் பின்னாலும் எலி நக்கினால் நீர் சொட்டும் சின்னக் குழாய், தொட்டிக்குள் ஒரு தாயும் குட்டிகளும். பாம்பு வளர்ப்பவர்களும் செல்லப்பிராணிக் கடைக்காரர்களும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து தேடி வந்தார்கள். வளர்ந்த எலிகளை மூடிய பெட்டியில் விட்டுக் கரியமில வாயுவை மெல்லத் திறந்துவிடுவார். அவை கண்ணயர்ந்து அடங்கியதும் உறைய வைத்துப் பையில் போட்டுக் கொடுப்பார். அந்த வேலையை அவர் ஒருநாளும் விளையாட்டாகச் செய்ததில்லை. பெட்டி பக்கத்திலேயே நின்று, கடைசி மூச்சு அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

வாடை மட்டும் அவர் கைக்கு அடங்கவில்லை. எலி மூத்திரம் ஊறிய மரத்தூளிலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். அது படியேறி வந்து திரைச்சீலையில் உட்கார்ந்தது, சோபாவில் உட்கார்ந்தது, அலமாரிக்குள் மடித்து வைத்த துண்டில்கூட உட்கார்ந்தது. அவர் மனைவி மார்லா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். வேலைக்குப் போட்டுக்கொள்ளும் உடைகளை அவள் வீட்டுக்குள் வைப்பதையே விட்டுவிட்டு, காரின் பின்பெட்டியில் மூடி வைத்துக்கொண்டாள். சண்டை போட மாட்டாள். எலிகளை "உன் பங்காளிங்க" என்பாள். சாப்பாட்டு மேசையில் வாடை தூக்கலாக அடித்தால், பங்காளிகளுக்கும் ஒரு தட்டு வைக்கலாமா என்று கேட்பாள். அதோடு சரி.

மகள் ஹெய்டி அப்படி விடுகிறவள் அல்ல. மேடிசனில் பல் மருத்துவமனையில் வேலை, லைல் என்பவனோடு கல்யாணமாகி எல்சி என்று ஏழு மாதக் குழந்தை. குழந்தை பிறந்த பிறகு அவள் இந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. டுவேனும் மார்லாவும்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வரச் சொல்லி மார்லா போன் செய்தபோது, ஒலிபெருக்கியில் அவள் சொன்னதை டுவேனும் கேட்டார்.

"அம்மா, போன தடவ அங்கேர்ந்து வந்து எத்தனையோ தடவ தோச்சேன். அப்பவும் என் கோட்டுல அப்பாவோட எலி உக்காந்துட்டே இருந்துச்சு. லைல் அந்தக் குளுர்லயும் ஜன்னலத் தெறந்து வெச்சே கார ஓட்டினான். பச்சக் குழந்தைய அந்தக் காத்துல எப்படிம்மா படுக்க வெக்கிறது?"

டுவேனுக்குக் கோபம் வரவில்லை. மகள் சொன்னது நியாயம் என்றுதான் பட்டது. மறுநாள் காலையிலேயே வேலையில் இறங்கிவிட்டார்.

முதலில் மரத்தூளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும் மர உருண்டைகளைத் தொட்டிகளில் நிரப்பினார். நெடி அதிகம் அடிப்பது ஆண் எலிகளிடம்தான் என்பதால் தேவைக்கு மேலிருந்த ஆண்களைக் கழித்தார். வாரத்துக்கு ஒருமுறை கழுவிய தொட்டிகளை இரண்டு முறை கழுவினார். பாதி வாடை இதிலேயே போனது. மீதிக்குக் காற்றைத்தான் மாற்ற வேண்டும். மூடிய அறையில் செடி வளர்ப்பவர்கள் குழாய்க்கு நடுவில் பொருத்துவார்களே, அந்த மாதிரி வலுவான விசிறி ஒன்று வாங்கி வந்தார். அதோடு கரித்துண்டுகள் அடைத்த உருளை ஒன்று. அறைக் காற்றை உறிஞ்சி, கரியில் வடிகட்டி, வெள்ளிநிறக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளும்படி அமைத்தார். கதவின் நாலு ஓரத்திலும் ரப்பர் பட்டை ஒட்டினார். கூரையில் கம்பி நுழைந்த ஓட்டைகளைக்கூட விடாமல் பசை வைத்து அடைத்தார். விசிறி ஓடும்போது கதவைக் கொஞ்சமாகத் திறந்து இடுக்கில் டிஷ்யூ காகிதத்தைப் பிடித்தால், அது உள்பக்கமாக இழுபட்டுப் படபடத்தது. மார்லாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா? காத்து உள்ளதான் போகுது, வெளிய வரல. காத்து வரலன்னா வாடையும் வராது."

"இவ்வளவு காத்த வெளிய தள்ளுதே, அதுக்குப் பதிலா காத்து எங்கேர்ந்து உள்ள வரும்?" என்று மார்லா கேட்டாள்.

"வீடு பூராக் காத்துதான்" என்றார் டுவேன். இருவரும் சிரித்தார்கள்.

நிலவறையில் எலி அறைக்கு எதிரே விருந்தாளிகள் தங்கும் படுக்கையறை இருந்தது. நடைக்கூடத்தின் கோடியில், சட்டங்களுக்கு இடையே இடைவெளிவிட்ட கதவுக்குப் பின்னால், வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் நின்றன. இரண்டுக்கும் ஒரே பழைய புகைபோக்கி. நடைக்கூடத்து ஜன்னலை டுவேன் எப்போதும் ஒரு விரல் அகலம் திறந்தே வைத்திருப்பார். அந்த வருஷம் பனி முன்கூட்டியே கொட்டியது. அந்த இடுக்கு வழியாக வந்த குளிர், குழந்தை படுக்கப்போகும் அறைக்குள் நேராக வீசியது. ஜன்னலைச் சாத்தி, நுரைப்பலகை வெட்டிப் பொருத்தி, ஓரமெல்லாம் டேப் ஒட்டினார். கையை வைத்துப் பார்த்தார். பொட்டுக் காற்றுகூட வரவில்லை.

அன்று சாயங்காலம் நடைக்கூடத்துப் பிளக் பாயிண்டில் மாட்டியிருந்த விஷவாயு அலாரம் அலறியது. அப்போதுதான் அவர் அழுக்குத் தொட்டிகளைக் கொட்டிக்கொண்டிருந்தார். அம்மோனியா நெடி முகத்தில் அறைந்தது. எலி மூத்திரம் அலாரத்தைக் குழப்பிவிட்டது என்று நினைத்து அதன் பொத்தானை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அலறியது. பழைய அலாரம், காலாவதியாகியிருக்கும் என்று அதைப் பிடுங்கி, பாட்டரியை உருவி, கார் ஷெட் அலமாரியில் போட்டார். பண்டிகை முடிந்ததும் புதிது வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார். அதைப் பற்றி மார்லாவிடம் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமாக அது படவில்லை.

பண்டிகைக்கு முதல்நாள் ஹெய்டியும் லைலும் குழந்தையும் வந்து இறங்கினார்கள். வாசலில் நின்றபடியே ஹெய்டி மூக்கை உயர்த்தி இழுத்தாள். காலணியைக் கழற்றினாள், கூடத்துக்கு வந்தாள், மறுபடி இழுத்தாள். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எலியெல்லாம் வித்துட்டீங்களா?"

"கீழதான் இருக்குதுங்க. போய்ப் பாரு."

அவள் நிலவறைக்கு இறங்கி, எலி அறையின் கதவில் முகத்தை ஒட்டி முகர்ந்துவிட்டு வந்தாள். வந்தவள் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். இந்த வேலைக்கு இவரை வாடகைக்கே விடலாம் போலிருக்கிறதே என்று லைல் கிண்டலடித்தான். டுவேனுக்கு அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இத்தனையும் செய்த மாதிரி இருந்தது. இளையவர்களும் குழந்தையும் அன்று நிலவறைப் படுக்கையறையிலேயே படுத்துக்கொண்டார்கள்.

பண்டிகைக் காலையில் லைல் தலையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தான். நெடுந்தூரம் கார் ஓட்டியதால் என்றான். ஹெய்டிக்கும் தலை கனத்தது. தாய்ப்பால் கொடுக்கிறவள் சரியாகத் தூங்காததுதான் காரணம் என்று மார்லா காபி போட்டுக் கொடுத்தாள். மேலே உட்கார்ந்து கொஞ்சநேரம் பேசிக்கொண்டிருந்ததும் இருவருக்கும் தெளிந்துவிட்டது. டுவேனுக்குக்கூட நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று இருந்தது. அதற்கு அவரும் ஒரு காரணம் வைத்திருந்தார், அது என்னவென்று இப்போது அவருக்கு நினைவில்லை.

அன்று வீடு முழுக்க வேலை நடந்தது. வான்கோழி அடுப்பில் வெந்தது. சமையலறைப் புகைவிசிறி காலையிலிருந்தே ஓடியது. ஒருவர் மாற்றி ஒருவர் வெந்நீரில் குளித்தார்கள். குழந்தைத் துணிகள் உலர்த்தும் இயந்திரத்தில் சுழன்றன. வெளியே குளிர் கடித்ததால் ஃபர்னஸ் ஓயாமல் எரிந்தது. எலி அறையின் விசிறியை டுவேன் முழுவேகத்துக்குத் திருகி வைத்திருந்தார். விருந்து நேரத்தில் ஒரு இழை வாடைகூட மேலே வரக்கூடாது என்பது அவருடைய கௌரவப் பிரச்சினை.

சாப்பாடு அமர்க்களமாக நடந்தது. மார்லா செய்த போலந்து முறைத் தொத்திறைச்சியை லைல் மூன்றாவது முறையும் எடுத்துப் போட்டுக்கொண்டான். சாப்பிட்டு முடித்ததும் எல்சி சிணுங்கினாள். மேலே ஒரே இரைச்சல் என்று ஹெய்டி அவளைக் கீழே கொண்டுபோய்க் கிடத்திவிட்டு, குழந்தையின் சத்தம் கேட்கும் கருவியை மேசைமேல் வைத்தாள். மாப்பிள்ளை சோபாவில் சாய்ந்து தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கத் தொடங்கினான். பெண்கள் இருவரும் பாத்திரம் கழுவினார்கள். வெந்நீர் ஓடிக்கொண்டே இருந்தது. கருவியிலிருந்து சின்னச் சத்தம்கூட வரவில்லை. வீட்டில் அரைமணி நேரம்கூடச் சேர்ந்தாற்போலத் தூங்காத குழந்தை இங்கே இப்படித் தூங்குகிறதே என்று ஹெய்டி சந்தோஷப்பட்டாள். ஒருமுறை கீழே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, கன்னமெல்லாம் சிவந்து என்ன அழகாகப் படுத்திருக்கிறாள் என்றாள்.

டுவேன் எலிகளுக்குத் தீனி போட எழுந்தார்.

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டாலே தொட்டிகளுக்குள் சலசலப்பு கிளம்பும். எலிகள் முன்கால்களைத் தொட்டி விளிம்பில் வைத்து நிமிர்ந்து, மீசையை ஆட்டியபடி காத்திருக்கும். அன்று சலசலப்பு இல்லை. விசிறியின் உறுமல் மட்டும் கேட்டது. கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். எந்த விளிம்பிலும் ஒரு மூக்குகூட இல்லை.

முதல் தொட்டியை இழுத்தார். வெள்ளைப் பெண் எலி ஒருக்களித்துக் கிடந்தது. முன்கால்கள் எதையோ எட்டிப் பிடிக்கப் போவதுபோல நீண்டிருந்தன. அதன் வயிற்றடியில், கண் திறக்காத குட்டிகள் நெளிந்து நெளிந்து முலையைத் தேடிக்கொண்டிருந்தன. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த தொட்டியை இழுத்தார். அதிலும் தாய் செத்துக் கிடந்தது, குட்டிகள் உயிரோடு நெளிந்தன. மூன்றாவதையும் அதற்கடுத்ததையும் இழுத்தார். ஒரு தொட்டியில் ஒரு எலி தலையைத் தூக்கப் பார்த்தது. தூக்கிய தலை ஆடி, மறுபடி விழுந்தது.

நோய் என்றுதான் முதலில் நினைத்தார். இல்லை, தீனியில் ஏதோ கலந்திருக்கிறது என்று நினைத்தார். அப்புறம்தான் அந்தக் கால்களைப் பார்த்தார். வெள்ளை எலியின் பாதங்களும் காதுகளும் மூக்கு நுனியும் ரோஜா நிறத்தில் இருந்தன. செத்த எலி அவருக்குப் புதிதல்ல, எத்தனையோ எலிகளை அவரே அந்தப் பெட்டியில் அடக்கியிருக்கிறார். கரியமில வாயுவில் அடங்கியவை வெளிறி, பாதம் நீலம் பாரித்துக் கிடக்கும். இவை உயிரோடிருந்தபோதைவிட அழகாக இருந்தன. கேஸ் எரியும்போது வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறினால் உடம்பு இந்த நிறமாகும் என்று ஆலையில் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவர் எப்போதோ சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே கேட்ட வகுப்பு அது.

அவர் வெளியே வந்து, கோடிக் கதவைத் திறந்தார். வாட்டர் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அதன் தலையில் புகைக்குழாய்க்கும் ஹீட்டர் தொட்டிக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. அங்கே கையை வைத்தால் காற்று உள்ளே இழுபட வேண்டும். உள்ளங்கையில் சூடான ஈரமூச்சு ஒன்று ஊதியது. குழாய் வியர்த்து ஒழுகியது. புகைபோக்கி வழியாக மேலே போக வேண்டியது கீழே இறங்கி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அவர் மாட்டிய விசிறி எங்கிருந்தாவது காற்றை இழுத்தாக வேண்டும். காற்று வரக்கூடிய ஒவ்வொரு வழியையும் அவரே தேடித் தேடி அடைத்திருந்தார். அடைக்காமல் விட்ட ஒரே வழி புகைபோக்கி.

அப்போதுதான் எதிர் அறையில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது அவர் தலைக்குள் இறங்கியது.

கதவைத் திறந்ததும் தொட்டிலிலிருந்து குழந்தையை வாரினார். அவள் விழிக்கவில்லை. தலை பின்னால் தொங்கியது, கைகள் துணிபோல ஆடின. உடம்பு சூடாக இருந்தது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க அவர் நிற்கவில்லை. பார்த்து, இல்லை என்று தெரிந்துவிட்டால் படியேறக் காலில் பலம் இருக்காது என்று நினைத்ததாகப் பிறகு மார்லாவிடம் சொன்னார். படியேறி, சமையலறையைக் கடந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பின்கதவைத் தோளால் தள்ளித் திறந்து, வெறும் காலுறையோடு பனிக்குள் இறங்கினார்.

பின்னாலேயே மார்லா வந்தாள். கிழவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தாளாம். அவள் பின்னால் கையெல்லாம் சோப்பு நுரையோடு ஹெய்டி.

"வெளிய வாங்க. எல்லாரும் வெளிய வாங்க. லைலக் கூப்பிடு" என்றார் டுவேன். குரல் உயரவில்லை. தன் குரல் வேறு யாரோ பேசுவது மாதிரி அவருக்கே கேட்டது.

ஹெய்டி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், கன்னத்தைத் தட்டினாள், மூக்கில் ஊதினாள். எல்சியின் கண் பாதி திறந்து மேலே செருகியது. லைல் சோபாவிலிருந்து எழுந்தவன் வாசற்படியிலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டான். மார்லாதான் போன் செய்தாள். விலாசத்தைக் கேட்டபோது சொந்த வீட்டு எண் அவளுக்கு வரவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்துப் படித்துச் சொன்னாள்.

குளிர்காற்று முகத்தில் பட்டு எவ்வளவு நேரமாயிற்றோ தெரியாது. எல்சி வாந்தி எடுத்தாள். பிறகு முனகினாள். அப்புறம் ஈனஸ்வரத்தில் அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்டதும் ஹெய்டி பனியில் முழந்தாளிட்டுவிட்டாள். டுவேன் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். கை நீட்டவில்லை. கையைத் தூக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

ஆம்புலன்ஸ் வந்து குழந்தையையும் ஹெய்டியையும் லைலையும் ஏற்றிக்கொண்டு போனது. மார்லா பக்கத்து வீட்டுக்காரர் காரில் பின்னாலேயே போனாள். கிளம்புவதற்கு முன் டுவேனின் விரலில் ஏதோ மாட்டிப் பார்த்த ஆம்புலன்ஸ் பெண், அவரும் வர வேண்டும் என்றாள். தீயணைப்பு வீரர்கள் வீட்டுக்குள் போயிருந்தார்கள். அவர்களிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று அவர் நின்றார். நரைத்த மீசைக்காரர் ஒருவர் கையில் மீட்டரோடு வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். வீட்டின் எல்லா ஜன்னலையும் திறந்தாயிற்று என்றார். பிறகு கேட்டார்:

"கீழ அந்த ஃபேன் யார் போட்டது?"

"நான்தான்."

"நல்லாப் போட்டிருக்கீங்க. ஒரு எடத்துலயும் லீக் இல்ல." அவர் குத்தலாகச் சொல்லவில்லை. "உள்ள காத்து வர்றதுக்கு ஒரு வழி வெச்சிருக்கணும், சார். அவ்வளவுதான். அலாரம் இல்லையா வீட்டுல?"

டுவேன் கார் ஷெட் பக்கம் கையைக் காட்டினார். மீசைக்காரர் புரியாமல் ஷெட்டைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டு, டுவேனைத் தங்கள் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். சின்ன முகத்துக்கு ஏற்ற சின்ன முகமூடியை எல்சி பிய்த்துப் பிய்த்துப் போட்டாள். அப்படிப் பிய்ப்பதே நல்ல அறிகுறி என்று நர்ஸ் சொன்னாள். ரத்தத்தில் ஏறியிருந்த விஷம் இறங்க ஆரம்பித்துவிட்டது, ஆனால் மூளைக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்பது உடனே தெரியாது, சில மாதம் கண்காணிக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த வார்த்தைகள் டுவேனின் காதில் விழுந்தன. உள்ளே போகவில்லை. அவர் கண்முன்னே ரோஜா நிறப் பாதங்கள் வந்துகொண்டேயிருந்தன. அதை விலக்கிவிட்டுக் குழந்தையின் பாதத்தைப் பார்ப்பார். அது எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

அலாரத்தைப் பற்றி யார் வாய்வழியாகவோ ஹெய்டிக்குப் போவதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவள் தனியாக நின்றபோது சொன்னார். அவள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடிச்சுதா?" என்றாள்.

"அடிச்சுது. ரெண்டு தடவ. எலி நாத்தத்துல அடிக்குதுன்னு நெனச்சேன்."

ஹெய்டி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"அப்பா, இப்ப நீங்க இங்க இருக்க வேண்டாம். தப்பா எடுத்துக்காதீங்க. உங்கள இப்ப என்னால பாக்க முடியல."

அவர் தலையாட்டிவிட்டு, இன்னும் ஆக்ஸிஜன் வேண்டும் என்று டாக்டர் தடுத்தும் கேட்காமல், கீழே கூடத்தில் போய் உட்கார்ந்தார். யாரோ வைத்துவிட்டுப் போன பத்திரிகையை மடியில் விரித்தார். ஒரே பக்கம் வெகுநேரம் விரிந்து கிடந்தது. விடிந்த பிறகு லைல் இரண்டு காபியோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். கல்யாணத்திலிருந்தே இவருடைய எலிகளைச் சொல்லிக் கேலி செய்யும் பையன், அன்று ஒரு காபியை இவர் கையில் வைத்தான்.

"காலைல எனக்குத் தலைவலி. ஹெய்டிக்குத் தலைவலி. உங்களுக்கும் இருந்துச்சுன்னு இப்பதான் மார்லா சொன்னாங்க" என்றான். "ஒரே வீட்டுல எல்லாருக்கும் தலைவலின்னா அது என்னன்னு ஒருத்தருக்குமே கேக்கத் தோணல, டுவேன். நானும் அந்த ரூம்லதான படுத்திருந்தேன்."

டுவேனின் காபி கையிலேயே ஆறிப்போனது. குழந்தை பால் குடித்தாள் என்று சொல்லிவிட்டு லைல் மேலே போனான். அதைக் கேட்ட பிறகுதான் டுவேனுக்கு அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்மணி, எழுந்து போகாமல், கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து அவர் முழங்காலில் வைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஃபர்னஸில் பயன்படுத்தக் கூடாது என்ற கேஸ் நிறுவனத்தின் சிவப்புச் சீட்டு தொங்கியது. வீடு ஐஸ்பெட்டியாகக் குளிர்ந்திருந்தது. எலிக்குட்டிகளில் பல அந்தக் குளிரிலும் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன. புதிதாகப் பிறந்த குட்டிகளுக்கு மூச்சில்லாமல் தாக்குப்பிடிக்கும் சக்தி கொஞ்ச நாளைக்கு இருக்கும் என்று, எலி வளர்க்கும் கானி என்ற பெண்மணி வாசா என்ற ஊரிலிருந்து வந்தபோது சொன்னாள். அவளிடம் பால் சுரக்கும் தாய் எலிகள் இருந்தன. சூடான தண்ணீர் நிரப்பிய பாட்டில்களுக்கு நடுவே துணி விரித்து, குட்டிகளை அள்ளிக்கொண்டு போனாள். செத்த எலிகளை யாருக்கும் கொடுக்க முடியாது. பாம்புக்கும் ஆகாது. மண் கல்லாக இறுகியிருந்ததால் புதைக்கவும் முடியாது. மார்லா கையுறை போட்டுக்கொண்டு வந்து அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தொட்டியாக இழுத்து, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். பங்காளிகள் என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

அந்த மாதமே புகைபோக்கி தேவைப்படாத, வெளிக்காற்றைத் தானே இழுத்துத் தானே தள்ளும் புது வாட்டர் ஹீட்டரும் ஃபர்னஸும் வந்தன. விசிறியை டுவேன் கழற்றிவிட்டார். எலி வளர்ப்பை மறுபடி தொடங்கச் சொல்லி மலைப்பாம்புக்காரர் ஒருமுறை கேட்டார், அப்புறம் கேட்கவில்லை. தொட்டிகளும் அடுக்குகளும் கானியிடம் போயின. வாடை சுத்தமாகப் போய்விட்டது. சில சமயம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே டுவேன் கரண்டியை வைத்துவிட்டு மூச்சை இழுத்துப் பார்ப்பார். எந்த வாடையும் வரவில்லை என்றால் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வருவார். குளிர் உள்ளே அடிக்கும். மார்லா ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொள்வாளே தவிர, கதவைச் சாத்தச் சொன்னதில்லை.

ஹெய்டி அம்மாவிடம் மட்டும் பேசினாள். எல்சியை டாக்டர் பார்த்தார், பொம்மையைக் கண்ணால் தொடர்ந்து பார்க்கிறாள், குப்புற விழுந்து முன்னால் நகர்கிறாள் என்று ஒவ்வொரு செய்தியும் மார்லா வழியாகத்தான் அவருக்கு வந்தது. போன் மணி அடித்தால் டுவேன் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

ஏரியில் பனிக்கட்டி உடையத் தொடங்கிய பருவத்தில் ஒருநாள், மார்லா கடைக்குப் போயிருந்தபோது மணி அடித்தது. அடித்து நின்றது, மறுபடி அடித்தது. டுவேன் எடுத்தார். அம்மா வெளியே போயிருக்கிறாள் என்று சொன்னார். மறுமுனையில் ஹெய்டி வைத்துவிடுவாள் என்று நினைத்தார்.

"டாக்டர்கிட்டேர்ந்து இப்பதான் வர்றோம்" என்றாள். "எல்லாம் நல்லா இருக்குன்னுட்டாரு."

"சரிம்மா" என்றார்.

போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மூச்சு ஒன்று நெருக்கமாக, ஈரமாக, அவசரமாக அவர் காதில் விழுந்தது. எல்சி போனை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே ஏதோ உளறினாள். டுவேன் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து, மார்லா காய்கறிப் பையோடு உள்ளே வரும்வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.